கோயா மேசையில் எழுதிய சொல்

1799-ஆம் ஆண்டு பிப்ரவரி 6-ஆம் தேதி, மத்ரித் நகரின் நாளேடு ஒன்றில் ஒரு விளம்பரம் வந்தது. ஓவியர் பிரான்சிஸ்கோ கோயா வரைந்து, செப்புத் தகட்டில் அமிலம் கொண்டு அரித்து அச்சிட்ட 80 படங்களின் தொகுப்பு விற்பனைக்கு வந்திருக்கிறது; விலை 320 ரெயால்; கிடைக்கும் இடம் தெசென்கான்யோ தெரு, 1-ஆம் எண், அத்தரும் மதுவும் விற்கும் கடை. 320 ரெயால் என்பது அந்தக் காலத்து ஸ்பெயினில் ஒரு முழுப் பொன் நாணயம். தொகுப்பின் பெயர் 'லோஸ் கப்ரிச்சோஸ்'. மனம் போன போக்கில் வரைந்தவை என்று சொல்லலாம்.

அரசருக்குப் படம் எழுதும் ஓவியர் தம் படங்களை அத்தர்க் கடையில் ஏன் விற்றார் என்று கேட்கத் தோன்றும். கோயா அந்தத் தெருவில்தான் குடியிருந்தார் என்பது ஒரு காரணமாக இருக்கலாம். எனக்கு அந்தத் தெருவின் பெயர்தான் முதலில் கண்ணில் பட்டது. 'தெசென்கான்யோ' என்பதற்கு ஏமாற்றம் என்று அகராதி போட்டிருக்கும். அது பாதிதான் சரி. 'எங்கான்யோ' என்றால் ஏய்ப்பு. அந்த ஏய்ப்பின் பிடியிலிருந்து விடுபட்டு உள்ளதை உள்ளபடி காண்பது தெசென்கான்யோ. மயக்கம் தெளிதல் என்றால் ஓரளவு பொருந்தும். மயக்கம் தெளிந்த தெருவில்தான் அந்தப் படங்கள் விற்கப்பட்டன.

எனக்கு ஸ்பானிஷ் முறையாகத் தெரியாது. பிரெஞ்சு வழியில் படித்தவனுக்கு அது பாதி தானாகப் புரியும். மீதிப் பாதிக்கு அகராதியைப் புரட்ட வேண்டும். ஓய்வு பெற்ற பிறகு எனக்கு அகராதி புரட்டுவதைவிடப் பெரிய வேலை ஒன்றும் இல்லை. அப்படிப் புரட்டியபோது மாட்டிக்கொண்ட சொல் ஒன்றைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

அந்தத் தொகுப்பில் 43-ஆவது படம் உலகப் புகழ் பெற்றது. பெயர் தெரியாவிட்டாலும் நீங்கள் எங்காவது பார்த்திருப்பீர்கள். ஒரு மனிதன் மேசையின் மேல் கைகளை மடித்து, அவற்றில் முகத்தைப் புதைத்துக் கிடக்கிறான். மேசையில் தாளும் எழுதுகோலும் இருக்கின்றன. அவன் முதுகுக்குப் பின்னால் இருட்டிலிருந்து ஆந்தைகளும் வௌவால்களும் கூட்டமாகக் கிளம்பி வருகின்றன. ஓர் ஆந்தை வரைகோல் ஒன்றைப் பிடித்து அவனிடம் நீட்டுகிறது. தரையில் காட்டுப்பூனை போன்ற ஒரு பெரிய விலங்கு கண்ணை விழித்தபடி படுத்திருக்கிறது. மேசையின் பக்கவாட்டில் ஒரு வாசகம் பொறிக்கப்பட்டிருக்கிறது: 'எல் சுவேன்யோ தெ லா ரசோன் புரொதுசே மோன்ஸ்துருவோஸ்.'

இதில் 'ரசோன்' என்பது அறிவு, பகுத்தறிவு. 'மோன்ஸ்துருவோஸ்' என்பது பூதங்கள். 'புரொதுசே' என்றால் உண்டாக்குகிறது. இவற்றில் தகராறு இல்லை. தகராறு 'சுவேன்யோ' என்ற சொல்லில். ஸ்பானிஷ் மொழியில் உறக்கத்துக்கும் அதுதான், கனவுக்கும் அதுதான். பகுத்தறிவின் உறக்கம் பூதங்களை உண்டாக்குகிறது என்றும் படிக்கலாம். பகுத்தறிவின் கனவு பூதங்களை உண்டாக்குகிறது என்றும் படிக்கலாம். இலக்கணம் இரண்டையும் அனுமதிக்கிறது.

ஸ்பானிஷ்காரர்கள் அன்றாடம் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள்? 'தெங்கோ சுவேன்யோ' என்றால் எனக்குத் தூக்கம் வருகிறது. நடுவில் 'உன்' என்ற ஒரு சிறு சொல்லைச் சேர்த்து 'தெங்கோ உன் சுவேன்யோ' என்றால் எனக்கு ஒரு கனவு உண்டு. 1963 ஆகஸ்டு 28 அன்று மார்ட்டின் லூதர் கிங் வாஷிங்டனில் பேசிய பேச்சு ஸ்பானிஷ் மொழியில் இப்படித்தான் அறியப்படுகிறது. அந்த 'உன்' மட்டும் விழுந்துவிட்டால், இரண்டரை லட்சம் பேர் முன்னிலையில் அவர் கொட்டாவி விட்ட கதையாகிவிடும். ஆனால் கோயாவின் வாசகத்தில் இந்த உதவி கிடையாது. அங்கே இருப்பது 'எல்'. அது உறக்கத்துக்கும் பொருந்தும், கனவுக்கும் பொருந்தும்.

இந்தக் குழப்பம் ஸ்பானிஷ் மொழிக்கு எங்கிருந்து வந்தது என்று தேடினேன். லத்தீனில் இரண்டும் தனித்தனிச் சொற்கள். உறக்கம் 'சொம்னுஸ்', கனவு 'சொம்னியும்'. இத்தாலியம் அவற்றை 'சொன்னோ' என்றும் 'சோன்யோ' என்றும் பிரித்தே வைத்துக்கொண்டது. போர்த்துகீசியத்திலும் இரண்டு சொற்கள்தான். பிரெஞ்சிலும் அப்படியே: உறக்கம் 'சொம்மேய்', கனவு 'சோன்ழ்'. ஸ்பானிஷ் நாக்குக்கு மட்டும் ஒரு பழக்கம் உண்டு. லத்தீனில் 'ம்ன்' வந்தால் அதை 'ன்ய' ஆக்கிவிடும். பிரெஞ்சில் 'ஒத்தோன்' என்று நாங்கள் பள்ளியில் படித்த இலையுதிர் காலம் அங்கே 'ஒத்தோன்யோ' ஆனது அப்படித்தான். சொம்னுஸும் சொம்னியுமும் அந்த வாயில் விழுந்து, நூற்றாண்டுகளாக மெல்லப்பட்டு, ஒரே சொல்லாக வெளியே வந்தன. யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல.

ஆங்கிலத்துக்கு இந்த வசதி இல்லை. உறக்கத்துக்கு ஸ்லீப், கனவுக்கு ட்ரீம். மொழிபெயர்ப்பவர் ஒன்றை எடுத்தாக வேண்டும். எடுத்ததும் மற்றது செத்துப்போகும். பெரும்பாலோர் ஸ்லீப் என்றே எடுத்தார்கள். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலும் பெயர் அப்படித்தான். சி. பி. ஸ்னோ என்ற ஆங்கில நாவலாசிரியர் 1968-இல் அதையே தம் நாவலுக்குத் தலைப்பாக்கினார். இருந்தும் 'ட்ரீம்' என்று போடுகிறவர்கள் ஒரு சிலர் எப்போதும் இருக்கிறார்கள். பிரெஞ்சிலும் 'சொம்மேய்' என்பதே வழக்கு. 'சோன்ழ்' என்றும் 'ரேவ்' என்றும் எழுதியவர்கள் சிறுபான்மை.

பொருளில் என்ன வித்தியாசம் என்று நினைக்காதீர்கள். மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். உறக்கம் என்று கொண்டால், பகுத்தறிவு காவல்காரன். அவன் கண்ணயர்ந்த நேரத்தில் பேய்களும் மூடநம்பிக்கைகளும் உள்ளே வந்துவிட்டன. அவன் விழித்துக்கொண்டால் ஓடிவிடும். கனவு என்று கொண்டால், பகுத்தறிவே அந்தப் பேய்களைப் பெற்ற தாய். வெளியிலிருந்து எதுவும் வரவில்லை. அறிவு தன் போக்கில் கண்ட கனவுகளே பூதங்களாகிவிட்டன. முதல் வாசகம் பகுத்தறிவுக்குச் சாட்சி சொல்கிறது. இரண்டாவது அதைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது. ஒரே வாக்கியம், ஒரே சொல்.

கோயா எதை நினைத்தார்? சான்றுகளைப் பார்ப்போம்.

அந்தப் படங்களுக்குக் கையெழுத்துப் பிரதியாக எழுதப்பட்ட பழைய விளக்கங்கள் சில கிடைத்திருக்கின்றன. அவற்றில் ஒன்று மத்ரித் பிராதோ அருங்காட்சியகத்தில் உள்ளது. கோயாவே எழுதினாரா, நண்பர் எழுதினாரா என்று அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அது சொல்வதன் சாரம் இது: அறிவு கைவிட்ட கற்பனை, இருக்கவே முடியாத பூதங்களை உண்டாக்கும், அறிவோடு சேர்ந்த கற்பனையோ கலைகளுக்குத் தாய். இன்னொரு பிரதி, அறிவின் கூக்குரல் மனிதர் காதில் விழாதபோது எல்லாம் மாயத் தோற்றங்களாகிவிடும் என்கிறது. இரண்டுமே உறக்கத்தின் பக்கம்தான் பேசுகின்றன.

கோயாவின் நண்பர்களும் இதற்கு இசைந்தவர்களே. அறிவொளி வேண்டும், மதவிசாரணை மன்றத்தின் பிடி தளர வேண்டும் என்று நினைத்தவர்கள். நாடக ஆசிரியர் மொராத்தின் ஒருவர். நீதி அமைச்சராக இருந்த ஹொவெல்யானோஸ் இன்னொருவர். 1798-இல் ஹொவெல்யானோஸைக் கோயா ஓவியமாகத் தீட்டினார். பிராதோவில் இருக்கும் அந்தப் படத்தைப் பாருங்கள். ஒரு மனிதர் மேசையருகே அமர்ந்து, கன்னத்தைக் கையில் தாங்கியிருக்கிறார். பின்னால் அறிவுத் தெய்வம் மினர்வாவின் சிலை. அவர் சோர்ந்திருக்கிறார், ஆனால் விழித்திருக்கிறார். அடுத்த ஆண்டு வந்த அச்சுப் படத்தில் அதே போல ஒரு மேசை, அதே போல ஒரு மனிதர். ஆனால் தலை கவிழ்ந்துவிட்டது, மினர்வா இல்லை, ஆந்தைகள் மட்டும் இருக்கின்றன. ஆந்தை மினர்வாவுக்கு உரிய பறவை என்பதும், ஊர் மக்களுக்கு அது அறியாமைக்கும் அபசகுனத்துக்கும் அடையாளம் என்பதும் உங்களுக்குத் தெரியும். பறவைக்கும் இரண்டு பொருள்!

இவ்வளவில் நிறுத்தினால் வழக்கு முடிந்தது, உறக்கமே சரி என்று தீர்ப்பு எழுதிவிடலாம். ஆனால் எதிர்க்கட்சிக்கும் நல்ல ஆவணங்கள் இருக்கின்றன.

முதலில் கோயா இந்தத் தொகுப்புக்கு வைக்க நினைத்த பெயரே 'சுவேன்யோஸ்'. பன்மையில் அது கனவுகள்தான். உறக்கங்கள் என்று யாரும் சொல்வதில்லை. 17-ஆம் நூற்றாண்டில் கெவேதோ என்ற எழுத்தாளர் அதே பெயரில் நையாண்டி நூல் எழுதியிருந்தார். கனவில் கண்டேன் என்று சொல்லி அதிகாரிகளையும் வழக்கறிஞர்களையும் மருத்துவர்களையும் நரகத்தில் நிறுத்திக் கேலி செய்வது அதன் உத்தி. கனவுக்கு யார் மேல் வழக்குப் போட முடியும்? கோயாவும் அந்த நிழலில் ஒதுங்க நினைத்திருக்கிறார். நம்முடைய 43-ஆவது படம் அப்போது முதல் படமாக, முகப்பாக வைக்கப்பட்டிருந்தது. அதற்கான 1797-ஆம் ஆண்டு மை ஓவியம் பிராதோவில் இருக்கிறது. அதன் அடியில் கோயா தம் கைப்பட எழுதியது, இது ஆசிரியர் கனவு காணும் காட்சி என்பதே. அங்கே அவர் போட்ட வினைச்சொல் கனவு காண்பதற்கு மட்டுமே உரியது; தூங்குவதற்கு ஸ்பானிஷ் மொழியில் வேறு வினை இருக்கிறது. பிறகு என்ன நினைத்தாரோ, முகப்புக்குத் தொப்பி அணிந்த தம் உருவப்படத்தைப் போட்டு, இதை நடுவில் தள்ளிவிட்டார்.

அதே மை ஓவியத்தில் மேசையின் பக்கவாட்டில் அவர் எழுதியிருந்தது 'உலகப் பொதுமொழி' என்ற பொருள்படும் இரண்டு சொற்கள். படம்தான் எல்லோருக்கும் புரியும் மொழி என்று சொல்ல வந்தார். நியாயமான பேச்சு. ஆனால் செப்புத் தகட்டுக்குப் போனபோது அந்த இடத்தில்தான், ஸ்பெயினின் எல்லையைத் தாண்ட முடியாத ஒரு வாக்கியத்தைப் பொறித்தார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வருகிறது.

ஸ்பானிஷ் மொழியின் மிகப் புகழ்பெற்ற நாடகமும் இதே சொல்லில்தான் நிற்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் கால்தெரோன் எழுதிய 'லா விதா எஸ் சுவேன்யோ'. வாழ்வு ஒரு கனவு என்று எல்லா மொழியிலும் அது போயிருக்கிறது. 'ஒரு' என்பது மூலத்தில் இல்லை, மொழிபெயர்ப்பில் சேர்ந்தது. கதை என்னவென்றால், பிறந்தது முதல் கோபுரத்தில் அடைபட்ட இளவரசன் செகிஸ்முந்தோவுக்கு மருந்து கொடுத்து உறங்கவைத்து அரண்மனைக்குக் கொண்டுவருகிறார்கள். அங்கே அவன் முரடனாக நடந்துகொள்ளவே, மறுபடி உறங்கவைத்துக் கோபுரத்தில் போட்டு, நீ கண்டது கனவு என்று சொல்லிவிடுகிறார்கள். உறக்கமும் கனவும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நடக்கிற கதைக்கு ஒரே சொல் தலைப்பாக அமைந்தது எவ்வளவு பொருத்தம்! ஆங்கிலத்தில் அதைத் தழுவி எழுதிய பிட்ஸ்ஜெரால்டு, இந்தத் தலைவலியே வேண்டாம் என்று ஷேக்ஸ்பியரிடமிருந்து ஒரு தொடரைக் கடன் வாங்கித் தலைப்பாக வைத்துவிட்டார்.

இனி வரலாற்றுக்கு வருவோம். பகுத்தறிவு கனவு கண்டு பூதம் பெறும் என்று 1799-இல் ஒருவர் நினைத்திருக்க முடியுமா? தாராளமாக முடியும். பிரெஞ்சுப் பள்ளியில் எங்களுக்குப் புரட்சியின் வரலாற்றை வரி வரியாகச் சொல்லிக்கொடுத்தார்கள். 1793 நவம்பரில் பாரிஸ் நோத்ர்தாம் தேவாலயத்தில் பகுத்தறிவுக்கு விழா எடுத்தார்கள். ஒரு பெண்ணைப் பகுத்தறிவுத் தேவியாக அமர்த்தி வணங்கினார்கள். வெளியே சதுக்கத்தில் கில்லட்டின் ஓயாமல் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த ஆண்டு ஜனவரியில் தலை இழந்த பதினாறாம் லூயி, கோயாவின் எசமானர் நான்காம் கார்லோஸுக்கு உறவினர். இந்தச் செய்திகளெல்லாம் மத்ரித் அரண்மனைக்கு எட்டாமல் இருந்திருக்காது. பத்தாம் வயதில் அந்தப் பாடத்தை ஒப்பித்தபோது தேவி விழாவும் கில்லட்டினும் ஒரே மாதத்துக் கதை என்பது எனக்கு உறைக்கவில்லை. ஆசிரியரும் அதை வேறு வேறு பாடமாகத்தான் நடத்தினார்.

பிறகு 1808 வந்தது. சட்டம், சமத்துவம், அறிவு என்று பேசிக்கொண்டு நெப்போலியனின் படை ஸ்பெயினுக்குள் நுழைந்தது. மே 2 அன்று மத்ரித் மக்கள் எழுந்தார்கள். 3-ஆம் தேதி விடிவதற்குள் பிரெஞ்சு வீரர்கள் பிடிபட்டவர்களை வரிசையாக நிறுத்திச் சுட்டார்கள். 1814-இல் கோயா அதைத் தீட்டினார். கைகளை விரித்து நிற்கும் வெள்ளைச் சட்டைக்காரனை யார் மறக்க முடியும்? கோயாவின் நண்பர்கள் இரண்டாகப் பிளந்தார்கள். மொராத்தின் பிரெஞ்சுக்காரர் பக்கம் போய், கடைசியில் பாரிஸில் அந்நியராக இறந்தார். ஏழு ஆண்டுகள் சிறையில் கிடந்து வெளியே வந்த ஹொவெல்யானோஸ் எதிர்ப்பணியில் சேர்ந்தார். இருவரும் நம்பியது அதே பகுத்தறிவைத்தான். அதற்குப் பிறகு அந்த 43-ஆவது படத்தை எடுத்துப் பார்த்தவருக்கு 'கனவு' என்ற பொருள் தானாகவே கண்ணில் பட்டிருக்கும்.

என் தீர்ப்பைக் கேட்டால், 1799-இல் மேசையில் பொறிக்கும்போது கோயா முதலில் நினைத்தது உறக்கம்தான் என்று சொல்வேன். கைப்பிரதி விளக்கங்களை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அவர் ஸ்பானிஷ்காரர். அந்தச் சொல்லை எழுதும்போது கனவு தானாகவே கூட வந்திருக்கும். படத்திலும் அப்படித்தானே இருக்கிறது? அந்த மனிதன் உறங்குகிறான்; முதுகுக்குப் பின்னால் வருபவை அவன் கனவு. காரணமும் விளைவும் ஒரே சொல்லில் அடங்கியிருக்கின்றன. ஆங்கிலம் காரணத்தைச் சொல்லலாம் அல்லது விளைவைச் சொல்லலாம். இரண்டையும் சொல்ல அதனிடம் சொல் இல்லை.

இந்த விஷயத்தில் எனக்கு இவ்வளவு அக்கறை வரக் காரணம் என் உத்தியோகம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பிரெஞ்சுக் காலத்துப் பத்திரங்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயர்த்துக் கொடுப்பது என் மேசை வேலைகளில் ஒன்று. ஒரு பத்திரத்தில் ஒருவர் தம் 'பெல்-ஃபீய்'க்குக் கொஞ்சம் நிலம் எழுதி வைத்திருந்தார். மருமகள் என்று பெயர்த்தேன். குடும்பத்தில் மருமகளும் இருந்தாள்; யாரும் சந்தேகப்படவில்லை. சில மாதம் கழித்து ஒரு நடுவயதுப் பெண் ஞானஸ்நானச் சீட்டுடன் என் மேசைக்கு வந்தார். "ஐயா, அதுல எழுதியிருக்கிறது என்னை. நான் எங்கம்மாவோட முதல் புருஷனுக்குப் பொறந்தவ. அவருதான் என்னை வளர்த்தாரு" என்றார். பிரெஞ்சில் மருமகளும் பெல்-ஃபீய்தான், மனைவி கூட்டிவந்த மகளும் பெல்-ஃபீய்தான். எனக்குத் தெரிந்த சொல். தெரிந்திருந்தும் முதலில் தோன்றியதை எழுதிவிட்டேன். அதைத் திருத்த அந்தப் பெண் எத்தனை நடை நடந்தார் என்பது எனக்குத் தெரியும். அன்று முதல் இரட்டைப் பொருள் வரும் இடத்தில் ஓரத்தில் சிவப்பு மையால் குறிப்பு எழுதத் தொடங்கினேன். மேலதிகாரி ஒருவர் பெயர்ப்பில் குறிப்பு எதற்கு என்று கடிந்துகொண்டார். நான் விடவில்லை.

அந்தப் படங்கள் என்ன ஆயின என்று சொல்லவில்லையே. 27 தொகுப்புகள் விற்றதாகச் சொல்கிறார்கள். சீக்கிரமே விற்பனையை நிறுத்திவிட்டார் கோயா. 1803-இல் 80 செப்புத் தகடுகளையும், விற்காத 240 தொகுப்புகளையும் அரசருக்குக் கொடுத்து, பதிலுக்குத் தம் மகனுக்கு உதவித்தொகை பெற்றார். மதவிசாரணை மன்றத்தில் தம்மேல் புகார் போனதைப் பின்னாளில் ஒரு கடிதத்தில் குறிப்பிட்டார். 1824-இல் பிரான்சுக்குப் போனவர், 1828-இல் பொர்தோ நகரில் இறந்தார். காது கேட்காமலே 35 ஆண்டுகள் வாழ்ந்தவர். ஸ்பெயினில் பிராங்கோ ஆண்ட காலத்தில், 1970-இல், புவேரோ வல்யேஹோ அந்த முதிய கோயாவை மேடையேற்றினார். நாடகத்தின் பெயர் 'எல் சுவேன்யோ தெ லா ரசோன்'. கோயா மேடையில் இருக்கும்போது மற்றவர் பேச்சு பார்வையாளருக்கும் கேட்காது. வாயசைவு மட்டுமே தெரியும். ஆங்கிலத்தில் அந்த நாடகமும் ஸ்லீப் ஆகிவிட்டது.

கடைசியாகத் தமிழுக்கு வருகிறேன். நமக்கும் உறக்கம் வேறு, கனவு வேறு. ஆனால் சொப்பனம் என்று ஒன்று இருக்கிறதே, அதன் மூலத்தைப் பார்த்தபோது திடுக்கிட்டேன். வடமொழி 'ஸ்வப்ன'வும் லத்தீன் 'சொம்னுஸ்' என்பதும் ஒரே வேரில் பிறந்தவை. வடமொழியில் அதற்கு உறக்கம் என்றும் பொருள், கனவு என்றும் பொருள்! கீதையின் ஆறாம் அத்தியாயத்தில், அளவுக்கு மிஞ்சி உறங்குபவனுக்கு யோகம் கூடாது என்று வரும் இடத்தில் உறக்கத்துக்கு இந்தச் சொல்தான் நிற்கிறது. உபநிடதத்தில் விழிப்பு, கனவு, ஆழ்துயில் என்று நிலைகளைப் பிரிக்கும் இடத்தில் அதே சொல் கனவுக்கு நிற்கிறது. தமிழுக்கு வந்தபோது உறக்கத்தை உதிர்த்துவிட்டுக் கனவோடு மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது.

அந்தத் தைரியத்தில் நானும் ஒரு மொழிபெயர்ப்பு செய்து பார்த்தேன்: 'பகுத்தறிவு சொப்பனத்தில் ஆழ்ந்தால் பூதங்கள் பிறக்கும்.' ஆழ்வதில் உறக்கம் வந்துவிடுகிறது, சொப்பனத்தில் கனவு இருக்கிறது என்று எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. மாலை நடையில் கூட வரும் ஓய்வுபெற்ற தமிழாசிரியரிடம் காட்டினேன். இரண்டு முறை படித்தார். "கோயா 'ஆழ்ந்தால்'னு சொல்லலையே ஐயா. அவர் நடக்குதுன்னு சொல்றார், நீங்க நடந்தாலும் நடக்கும்னு சொல்றீங்க" என்றார். வீட்டுக்கு வந்து தாளின் ஓரத்தில் சிவப்பு மையால் அதையும் குறித்து வைத்திருக்கிறேன்.